கிழட்டுப் பூனைக்கு தைராய்டு மாத்திரை ஆரம்பிச்சதும் கிரியாட்டினின் ஏறிடுச்சு: நிறுத்திடலாமுங்களா?

வாய்க்கால்மேடு (கோபி)

வணக்கமுங்க. எங்க ராசாத்திக்கு வயசு 14. நாட்டுப் பூனைதான், சாம்பல் வரி. தீபாவளிக்கு 4.1 கிலோ இருந்தவ, மாசி நோம்பிக்குள்ள 2.7க்கு வந்துட்டா. ஆனா தீனி மட்டும் எச்சு. முன்னெல்லாம் வட்டல்ல மிச்சம் வைப்பா. இப்ப வட்டலை நக்கி முடிச்சுட்டு, அடுப்படித் திண்டுல ஏறி மாவுப் போசியைத் தள்ளி விடறா. நடுராத்திரி ஆசாரத்துல நின்னுக்கிட்டு ஒரே கத்து. "வயசானா எனக்குந்தான் தூக்கம் வர்றதில்ல, நான் கத்தறனா"ன்னு எங்க மாமியார் வெய்யறாங்க. முடியெல்லாம் சடை விழுந்து, முதுகைத் தடவினா எலும்பு எலும்பாத் தட்டுது.

பக்கத்துல ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம். பூச்சி மருந்து கொடுத்தார். சரியாகலைன்னதும் ரத்தம் எடுத்து, மனுசங்களுக்குப் பாக்குற லேபுக்கே அனுப்பினார். தைராய்டு சுரப்பைக் காட்டற டி4 9.4, பக்கத்துல 'நார்மல்'. கிட்னி எப்படி இருக்குன்னு காட்டற கிரியாட்டினின் 1.3, அதுவும் நார்மல். வயசுதான், வேற ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. மனசு கேக்காம கோயமுத்தூருக்குத் தூக்கிட்டுப் போனோம். அங்க டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பாத்துட்டு, அதே ரிப்போர்ட்டை வாங்கிப் படிச்சாங்க. "இது மனுசனுக்குத்தான் நார்மல், பூனைக்கு இருக்க வேண்டியதுக்கு இது ரெண்டு மடங்கு"ன்னாங்க. தைராய்டை அடக்கற கார்பிமசோல் மாத்திரை எழுதிக் கொடுத்து, மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பாக்கச் சொன்னாங்க.

இப்ப அந்த ரிப்போர்ட் வந்திருக்குங்க. எடை 3.1 ஆயிடுச்சு. ராத்திரி கத்தறது நின்னே போச்சு. ஆனா கிரியாட்டினின் 2.6! பொழுதுக்கும் சுருண்டு படுத்துக்கறா, தீனியும் கொறைஞ்சிருச்சு. டாக்டரம்மா ஊர்ல இல்லீங்க, அடுத்த வாரந்தான் வர்றாங்களாம். மருந்துக்கடை வெச்சிருக்கிற எங்க சித்தப்பா பையன், "மாத்திரை கிட்னியைத் தின்னுருச்சு, இன்னைக்கே நிறுத்து"ங்கறான். நிறுத்திடலாமுங்களா? இல்ல கொடுத்துட்டே இருக்கறதா?

கருவாட்டுக் குழம்பு (ஈரோடு)

மொதல்ல அந்த ஆஸ்பத்திரிக்கே போன் போடுங்கக்கா. அவங்க இல்லைன்னாலும் கூட இருக்கிற டாக்டர் யாராச்சும் ரிப்போர்ட்டைப் பாப்பாங்க. நாமளா நிறுத்தறதும் தப்பு, நாமளா கூட்டறதும் தப்பு.

தேங்காய்த்தொட்டி (பொள்ளாச்சி)

நான் நிறுத்தச் சொல்றவங்க பக்கமுங்க. எங்க கடுவனுக்கும் இதே கதைதான். தைராய்டோட நல்லாத் திரிஞ்சிட்டிருந்தான். மாத்திரை ஆரம்பிச்ச மறுமாசமே கிட்னின்னாங்க, ஆறு மாசத்துல போய்ச் சேந்துட்டான். நோயை விட வைத்தியந்தான் பெருசாப் போச்சு.

நெருஞ்சி முள்ளும், காப்புக் கட்டுற பூளைப்பூவும் போட்டுக் கசாயம் வெச்சுக் கொடுங்க. மனுசங்களுக்குக் கல்லே கரையுது.

ஊசிக்காரர் (காங்கயம்)

கால்நடை மருத்துவர்ங்க, நாமக்கல்ல படிச்சவன். இங்க எழுதறதை வெச்சு யாரும் மருந்தை மாத்த வேண்டாம், நான் பூனையைப் பாக்கல. ஆனா இந்தக் கேள்வி மாசம் ஒருக்கா வருது. அதனால கொஞ்சம் நீட்டியே எழுதறேன்.

தைராய்டு எகிறினா உடம்புல எல்லாமே ஓட்டமா ஓடும். இதயம் வேகமா அடிக்கும், சிறுநீரகத்துக்குப் போற ரத்தமும் எச்சாப் போகும். சிறுநீரகம் பாதி கெட்டிருந்தாலும், ரத்தம் அழுத்தமா வர்றதால வடிகட்டுறது நடந்துட்டே இருக்கும். இன்னொண்ணு, கிரியாட்டினின்ங்கறது தசையில இருந்து வர்றது. 4.1 கிலோ பூனை 2.7 ஆச்சுன்னா, கரைஞ்சதுல பெரும்பங்கு தசைதான். தசை கொறைஞ்சா கிரியாட்டினினும் கொறைச்சலாத்தான் வரும். அப்ப உங்க 1.3 எதுக்குச் சாட்சி? சிறுநீரகம் நல்லா இருக்குங்கறதுக்கு இல்ல. நிலவரம் தெரியலைங்கறதுக்குத்தான் சாட்சி.

வாய்க்கால்மேடுன்னு பேர் வெச்சிருக்கீங்க, அதனால தடப்பள்ளி வாய்க்கால் கணக்குலயே சொல்றேன். முழுத் தண்ணி விட்டிருக்கிறப்ப கடைமடை வரைக்கும் பாயும். நடுவுல எங்கெங்க மண்ணடிச்சுக் கெடக்குதுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. தண்ணியைக் கொறைச்சாங்காட்டித்தான் கடைமடை காயறது தெரியும். மண்ணடிச்சது முன்னாடியே. தண்ணியைக் கொறைச்சவன் மேல பழி போடறதுல அர்த்தமில்ல.

அப்ப முழுத் தண்ணியே ஓடட்டும்னு விட்டுடலாமேன்னு கேப்பீங்க, தேங்காய்த்தொட்டி சார் கேக்குறதும் அதைத்தான். கூடாதுங்க. அந்த அழுத்தத்துலயே சிறுநீரகம் இன்னும் சீக்கிரம் தேயுது. இதயச் சுவர் தடிக்கும், பி.பி. ஏறும், பூனை தின்னுக்கிட்டே பட்டினியாச் சாகும். தைராய்டைச் சரிபண்ணின பிறகு கிரியாட்டினின் ஓரளவு ஏறின பூனைகளையும், ஏறாத பூனைகளையும் ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க. உயிர் வாழ்ந்த காலத்துல பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா ஒரு கூட்டம் மட்டும் கெட்டுப் போகுது: மாத்திரை எச்சாகி, தைராய்டு ஒரேயடியா அடங்கிப்போன பூனைங்க. அதுகளுக்குச் சிறுநீரகத்துக்குப் போற ரத்தம் தேவைக்கும் கீழ போயிடுது.

அதனால என் கேள்வி ஒண்ணுதான். புது ரிப்போர்ட்ல கிரியாட்டினினை எழுதினீங்க, எடையை எழுதினீங்க. டி4 எவ்வளவு? அதைச் சொல்லாம நிறுத்தறதா வேண்டாமான்னு யாரும் பேச முடியாது.

கசாயம் பத்தி: நெருஞ்சியோ பூளையோ பூனைக்கு எவ்வளவு கொடுக்கலாம்னு யாரும் அளந்து வெச்சதில்லீங்க. பூனையோட கல்லீரல் நம்மளுது மாதிரி இல்ல, பல பொருளை அதால உடைச்சு வெளிய தள்ள முடியாது. கேடான சிறுநீரகத்துல சோதனை பண்ண வேண்டாம்.

பனியன் பூனை (திருப்பூர்)

ஊசிக்காரர் எழுதினதை மேல ஒட்டி வைங்க நிர்வாகி.

அந்த மனுச லேப் விசயம் எனக்கும் நடந்துச்சு. மனுசனுக்கு டி4 சுமாரா 5ல இருந்து 12 வரைக்கும் இருக்கலாம். பூனைக்கு 1ல இருந்து 4 சொச்சந்தான். 9.4ங்கற பூனைக்கு 'நார்மல்'னும், 2 இருக்கிற நல்ல பூனைக்கு 'குறைவு'ன்னும் கம்ப்யூட்டரே அச்சடிச்சுக் கொடுத்துரும். அம்புக்குறியைப் பாக்காதீங்க, எண்ணைப் பாருங்க.

ஊசிக்காரர் (காங்கயம்)

ஆமா. அதே மாதிரி மனுச லேப்ல போடற டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டி விடற சுரப்பு) சோதனை பூனைக்கு எதுக்குமே ஆகாது. அந்தச் சோதனை பூனையோட டி.எஸ்.எச்.சைப் பிடிக்காது. காசுக்குக் கேடு.

வாய்க்கால்மேடு (கோபி)

ஐயா, இந்தத் தடவை டாக்டரம்மாவே பூனைக்குன்னு அளவு போட்டிருக்கிற லேபுக்குத்தான் அனுப்பினாங்க. டி4 0.6னு இருக்குங்க. கீழ் அளவு 0.8னு போட்டிருக்கு. அப்ப இது கொறைச்சலுங்களா?

ஊசிக்காரர் (காங்கயம்)

கொறைச்சல்தானுங்க. பொழுதுக்கும் படுத்துக்கறா, தீனி கொறைஞ்சுதுன்னு எழுதினீங்களே, பாதிக் காரணம் அதுலயே இருக்கலாம். சிறுநீரக நோயே டி4ஐக் கொஞ்சம் கீழ இழுக்கும், அதையும் உங்க டாக்டர் கணக்குல எடுப்பாங்க. ஆனா மாத்திரையில இருக்கிற பூனைக்கு 0.6ன்னா, மொதல்ல பாக்க வேண்டியது மாத்திரை அளவைத்தான்.

நாங்க வழக்கமாக் குறி வெக்கிறது பூனையோட அளவுல நடுவாந்திரத்துக்குக் கீழ, ஆனா அடிவரம்புக்கு மேல. சிறுநீரகம் கெட்டிருக்குன்னு தெரிஞ்சா இன்னும் கவனமா, ரொம்ப அமுக்காம. பெரும்பாலும் இப்படி வந்தா நிறுத்தறதில்ல, கொறைக்கிறதுதான். ரெண்டு மூணு வாரங் கழிச்சு மறுபடி ரத்தம். நாளைக்கு வெள்ளென அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு "டி4 0.6, கிரியாட்டினின் 2.6, தீனி கொறைவு"ன்னு இந்த மூணையும் சேத்துச் சொல்லுங்க. அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்க விடமாட்டாங்க.

நடுவுல வாந்தி, மூஞ்சியைப் பிறாண்டிப் புண்ணாக்கறது, ஈறு வெளுத்துப் போறது, கண்ணு காது மஞ்சளாகறதுன்னு ஏதாவது தெரிஞ்சா அன்னைக்கே ஓடணும். இந்த மாத்திரைக்குச் சில பூனையில அப்படி வரும். பெரும்பாலும் முதல் ரெண்டு மூணு மாசத்துக்குள்ள வரும்.

நெருப்புக்கோழி (கரூர்)

14 வருசம் ஆன பூனை. ரத்தப் பரிசோதனை, கோயமுத்தூர் டாக்டர், மாத்திரை. ஊர்ல எத்தனை பூனை சும்மா கெடைக்குது. உங்களுக்கெல்லாம் காசு எச்சுங்க.

கருவாட்டுக் குழம்பு (ஈரோடு)

சும்மா கெடைக்குதுன்னு நீங்க எடுத்து வளத்தது எத்தனைங்க?

நிர்வாகி

இந்த ஓரியாட்டம் இங்க வேண்டாம். இதுக்கு மேல வந்தா அழிச்சுருவேன். இன்னொரு விசயம், எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளைன்னு மருந்து அளவு யாரும் எழுதக் கூடாதுன்னு விதி இருக்கு.

பனியன் பூனை (திருப்பூர்)

நான் சொல்ல வந்தது பி.பி. பத்தி. டாக்டர் சொன்னதுல ஒரு வரியாப் போயிருச்சு, ஆனா எங்களுக்கு அதுதான் பெரிய அடி.

எங்க கம்பெனியில கட்டிங் டேபிளுக்கு அடியிலயே பொறந்து வளந்த பூனை. பேரு பாபின். வயசு 12 தாண்டினதும் தண்ணி எச்சாக் குடிச்சுது, நாங்க வெய்யக் காலம்னு விட்டுட்டோம். ஒரு நாள் மத்தியானம் நேரா வந்து ஓவர்லாக் மெசின் காலுல முட்டிக்கிச்சு. மறுபடி திரும்பி, மறுபடி முட்டுது. தூக்கிப் பாத்தா, உச்சி வெய்யிலு கண்ணுல அடிக்கறப்பவும் கண்மணி ரெண்டும் கோலிக்குண்டு மாதிரி அகண்டே நிக்குது. சுருங்கவே இல்ல. பி.பி. 200க்கு மேல. விழித்திரை பிரிஞ்சிருச்சு. கிட்னி கெட்டு, அதனால பி.பி. ஏறி, அதனால கண்ணு போயிருக்கு. அம்லோடிபின் ஆரம்பிச்ச பொறவு பி.பி. இறங்குச்சு. ஒரு கண்ணுல மட்டும் வெளிச்சம் தெரியற மாதிரி இருக்கு. [மருந்து அளவு நீக்கப்பட்டது - நிர்வாகி]

எங்க டாக்டர் சொன்ன கணக்கு: பூனைக்கு 140க்குக் கீழ நல்லது, 160 தாண்டினா மருந்து பத்தி யோசிக்கணும், 180 தாண்டினா கண்ணுக்கும் மூளைக்கும் ஆபத்து. தைராய்டு இருந்தாலும் ஏறும், கிட்னி இருந்தாலும் ஏறும். வாய்க்கால்மேடு அக்கா, ராசாத்திக்குப் பி.பி. பாத்தாங்களா? ரிப்போர்ட் நிறைய எழுதினீங்க, அதைக் காணோம்.

எடைக்கு ஒரு வழி சொல்றேன். நூல் எடை போடற எலக்ட்ரானிக் தராசுல அட்டைப்பெட்டியை வெச்சு சைபர் பண்ணிட்டு, பாபினை உள்ள உக்கார வெக்கிறோம். சனிக்கெழமை சம்பளம் போடறப்ப அவனுக்கும் எடை போட்டுச் சுவத்துல எழுதிருவோம். வீட்டு பாத்ரூம் தராசுல நூறு கிராம் தெரியாது. 3 கிலோ பூனைக்கு நூறு கிராம் பெரிய கணக்கு. மளிகைக்கடைத் தராசு கேட்டாக்கூடக் கொடுப்பாங்க.

சாளைக்காரன் (தாராபுரம்)

நாங்க தோட்டத்துச் சாளையில இருக்கறமுங்க. எங்க பூனை மூத்திரம் போறதை எங்க பாக்கறது? தென்னந்தோப்புதான் அதுக்குக் கக்கூசு. ஆனா ஒண்ணு கவனிச்சேன். எருமைத் தண்ணித்தொட்டி விளிம்புல ஏறி, முன்னங்காலு ரெண்டையும் பாசியில ஊணிக்கிட்டு, எருமை வந்து மூஞ்சியை விட்டாக்கூட நகராம நக்கிட்டே இருக்குது. முன்னெல்லாம் அது தண்ணி குடிச்சே நான் பாத்ததில்ல. வயசு 11, 12 இருக்கும். எங்களுது போர்த் தண்ணி, வாயில வெச்சா உப்பு. அதனாலதான் கிட்னி போகுதா? சிறுவாணித் தண்ணி குடிக்கிற பூனைக்கு வராதா?

டாக்டர்கிட்டக் கொண்டு போனா காங்கயம் மாட்டுக்கு ஊசி போடறதுக்கு நடுவுல நம்ம கூடையைப் பாத்துச் சிரிக்கறாங்க.

ஊசிக்காரர் (காங்கயம்)

காங்கயத்துலயே இருந்துக்கிட்டு நான் சிரிக்க மாட்டேனுங்க, கொண்டு வாங்க.

உப்புத் தண்ணியாலதான் பூனைக்குச் சிறுநீரகம் கெடுதுன்னு காட்டின ஆதாரம் கிடையாது. சிறுவாணி குடிக்கிற பூனைக்கும் வரும். பத்து வயசு தாண்டின பூனையில சுமாரா மூணுல ஒண்ணுக்கு ஏதோ ஒரு கட்டத்துல இந்த நோய் இருக்கு. பெரும்பாலும் காரணமே பிடிபடறதில்ல. தண்ணி எச்சாக் குடிக்கிறது காரணம் இல்லீங்க, விளைவு. சிறுநீரகத்தால மூத்திரத்தைக் கெட்டியாக்க முடியல, தண்ணியா வெளிய போகுது, ஈடுகட்டக் குடிக்குது. அந்தத் தொட்டியை மூடி வெச்சிராதீங்க. குடிக்க விடுங்க.

உங்க பூனை தொட்டியில நிக்கிறது சர்க்கரையாக்கூட இருக்கலாம், தைராய்டாவும் இருக்கலாம். மூணுக்கும் வெளிக்குத் தெரியறது கிட்டத்தட்ட ஒண்ணுதான். தீனி எச்சாகி எடை இறங்கினா தைராய்டும் சர்க்கரையும். தீனி கொறைஞ்சு எடை இறங்கினா சிறுநீரகம் பக்கம் மொதல்ல பாப்போம். தைராய்டும் சிறுநீரகக் கோளாறும் கலந்து இருந்தா தீனி நடுவாந்திரமா இருந்து நம்மளை ஏமாத்திரும். டி4 கூட அப்ப 3, 4ன்னு நார்மல் மாதிரியே காட்டும். கெட்ட சிறுநீரகம் அதைக் கீழ இழுத்துப் பிடிச்சிருக்கும்.

மூத்திரம் ஒரு சொட்டு கெடைச்சா பாதி விசயம் தெரியும். நல்ல பூனைக்கு மூத்திரத்தோட அடர்த்தி 1.035க்கு மேல இருக்கணும். ரத்தத்துல கிரியாட்டினின் ஏறணும்னா சிறுநீரகம் முக்கால்வாசி போயிருக்கணும். அதுக்கு முன்னாடியே மூத்திரம் நீர்த்துப் போயிரும். எஸ்.டி.எம்.ஏ.ன்னு ஒரு சோதனை இருக்கு, அதுவும் முன்னாடியே காட்டும், தசை கரைஞ்சிருந்தாலும் அவ்வளவா ஏமாத்தாது.

தோட்டத்துல இருக்கறதால ரெண்டு எச்சரிக்கை. உங்க மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு போடறாங்க. செங்காந்தள் விதையும் கிழங்கும் பூனைக்கும் விசந்தான், காய வெக்கிற களத்துப் பக்கம் விடாதீங்க. கல்யாண மண்டபத்து மேடை அலங்காரத்துல வர்ற லில்லிப் பூ வேற சாதி, அது நேரா சிறுநீரகத்தையே முடிச்சிரும். மகரந்தம் முடியில ஒட்டி, அதை நக்கினாலே போதும். அப்பறம் காய்ச்சல்னு நினைச்சு பாராசிட்டமால் கொடுக்காதீங்க. ஒரு மாத்திரையே பூனையைக் கொன்னுரும். மூட்டு வலிக்குன்னு மனுசங்க போடற டைக்ளோபினாக்கும் அப்படித்தான்.

பீளமேடு பெர்சியன் (கோவை)

இழையோட தலைப்புல இருந்து கொஞ்சம் விலகறேன். பெர்சியன் வெச்சிருக்கிறவங்க வயசாகட்டும்னு காத்திருக்காதீங்க. அந்தச் சாதியில சிறுநீரகத்துல நீர்க்கட்டி வர்ற பரம்பரை நோய் இருக்கு. அப்பனுக்கோ ஆத்தாளுக்கோ இருந்தா குட்டிக்கு ரெண்டுல ஒரு பங்கு வாய்ப்பு. ஸ்கேன்ல தெரியும், மரபணுச் சோதனையும் இருக்கு. குட்டி விக்கிறவங்ககிட்ட கேளுங்க, கேட்டா மூஞ்சியைத் திருப்புவாங்க, அதுலயே பதில் கெடைச்சிரும்.

என் பூனைக்கு மூணு வருசமா கிட்னி உணவு போகுது. மாத்தறப்ப அவசரப்படக் கூடாது. குமட்டல் இருக்கிற பூனைக்கு முன்னாடி புதுத் தீனியைக் கொண்டு வெச்சா, "இதைத் தின்னாத்தான் வவுறு பொரட்டுது"ன்னு அதுவா முடிவு பண்ணி ஜென்மத்துக்கும் தொடாது. மொதல்ல குமட்டலுக்கு மருந்து, அப்பறம் பழைய தீனியில ஒரு ஸ்பூன் புதுசு. அடம் பிடிச்சாப் பட்டினி போட்டுப் பழக்கலாம்னு யாரும் நினைக்காதீங்க. நாய் மாதிரி இல்ல, பூனை சில நாள் தின்னாம இருந்தாக் கல்லீரல்ல கொழுப்பு ஏறி அதுவே ஆளைக் கொன்னுரும். கிட்னி உணவைத் தின்னவே மாட்டேங்குதா, எதைத் தின்னுதோ அதைக் கொடுங்க. தின்னாத நல்ல உணவுல என்ன பிரயோசனம்.

தேங்காய்த்தொட்டி (பொள்ளாச்சி)

டி4 கணக்கு எங்க கடுவனுக்கு யாரும் ரெண்டாவது தடவை பாக்கவே இல்லீங்க. மாத்திரை ஆரம்பிச்சாங்க, அவ்வளவுதான். இங்க படிச்சாங்காட்டித்தான் தெரியுது. நெருஞ்சி சொன்னதையும் வாபஸ் வாங்கிக்கறேன், நிறுத்தச் சொன்னதையும் வாபஸ் வாங்கிக்கறேன்.

ஒரு சந்தேகம். வீட்டுல சமைச்சுக் கொடுக்கலாமுங்களா? எங்க வீட்டுல எப்பவும் தயிர்ச்சோறும் மத்தி மீன் தலையுந்தான்.

ஊசிக்காரர் (காங்கயம்)

சிறுநீரகப் பூனைக்குப் பாஸ்பரஸ்தான் எதிரி. மீன் தலை, எலும்பு, பால், தயிர், முட்டை மஞ்சக்கரு எல்லாத்துலயும் அது எச்சு. வெள்ளைக்கரு பரவாயில்ல. கோழியை வேக வெச்சு, வெந்த தண்ணியைக் கொட்டிட்டு, சதையை மட்டும் கொடுத்தாப் பாஸ்பரஸ் கொஞ்சம் இறங்கும். வெங்காயம் பூண்டு சேந்த குழம்பு கூடவே கூடாது, ரத்த அணுவை உடைச்சிரும். ஆனா வெறும் சமையலை மாசக்கணக்குல கொடுத்தா டாரின், கால்சியம்னு வேற குறை வரும். முழுசா வீட்டுச் சாப்பாடுன்னா அதுக்கு ஒரு டாக்டர் கணக்குப் போட்டுத் தரணும். பாஸ்பரஸைப் பிடிக்கிற மருந்து எழுதிக் கொடுத்தா அதைத் தீனியோடவே கலக்கணும். தனியாக் கொடுத்தா வீண்.

வாய்க்கால்மேடு (கோபி)

எல்லாருக்கும் நன்றிங்க. போன் போட்டேன். டாக்டரம்மாவே அன்னைக்குப் பொழுதோட கூப்பிட்டாங்க. மாத்திரையைக் கொறைச்சுட்டாங்க, நிறுத்தலை. ரெண்டு வாரங் கழிச்சு மூத்திரம், பி.பி. எல்லாம் சேத்துப் பாத்தாங்க.

டி4 1.9. கிரியாட்டினின் 2.1. எஸ்.டி.எம்.ஏ. 19. மூத்திர அடர்த்தி 1.016. புரதம் போகுதான்னு பாக்குற யூ.பி.சி. 0.3, எல்லைக்கோட்டுல இருக்குதாம். பி.பி. மூணு தடவை எடுத்துச் சராசரி 172. பயத்துல ஏறுமாம், அதனால இருட்டறையில துண்டு போத்திக் கொஞ்ச நேரம் உக்கார வெச்சு எடுத்தாங்க, அப்பவும் கொறையல. கிட்னி நோயைக் கட்டம் கட்டமாப் பிரிக்கிற ஐரிஸ் கணக்குல ரெண்டாவது கட்டம்ங்கறாங்க. பி.பி.க்கு மருந்து ஆரம்பிச்சாச்சு. பனியன் பூனை தம்பி, நீங்க கேக்கலைன்னா நான் கேட்டிருக்க மாட்டேன்.

எடை 3.2. வட்டல்ல மறுபடி மிச்சம் வெக்கிறா. மாவுப் போசிக்கு ஆபத்து இல்ல.

மாத்திரை கொடுக்கறதுதான் போராட்டமா இருக்குதுங்க. கருவாட்டுக்குள்ள வெச்சேன், கருவாட்டைத் தின்னுட்டு மாத்திரையைத் துப்பிட்டா.

கருவாட்டுக் குழம்பு (ஈரோடு)

கருவாடு வேண்டாங்க்கா, என் பேரே அதுன்னாலும் சொல்றேன். பி.பி. இருக்கிற பூனைக்கு அத்தனை உப்பு எதுக்கு. ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி ஃப்ரிட்ஜ்ல கெட்டியாக்கி வைங்க. மாத்திரையை நடுவுல பொதிஞ்சு சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி, வாயோட மேலண்ணத்துல தடவி விட்டுருங்க. நக்கியே ஆகணும், வேற வழி இல்ல. எங்க ஆத்தா கண்டுபிடிச்ச வித்தை. மொதல்ல ரெண்டு மாத்திரை இல்லாத வெறும் உருண்டை கொடுத்து ஏமாத்திட்டு, மூணாவதுல மாத்திரை.

ஊசிக்காரர் (காங்கயம்)

வெண்ணெய் நல்ல ரோசனை. ஆனா தைராய்டு மாத்திரையைப் பொடி பண்ணாதீங்க, தூள் கையில ஒட்டும். வீட்டுல மாசமா இருக்கிற பொண்ணுங்க அந்த மாத்திரையை வெறுங்கையில தொடக் கூடாது, பூனையோட மூத்திர மண்ணையும் அள்ளக் கூடாது. மருந்து கருவுக்கு ஆகாது. மத்தவங்களும் தொட்டாக் கை கழுவிக்கணும். வாய் வழியே முடியவே முடியலைன்னா, காதுமடல் உள்பக்கம் தடவற களிம்பா மெத்திமசோல்ங்கற இதே வகை மருந்தைத் தயாரிச்சுத் தர்ற இடங்கள் வெளிநாட்டுல நிறைய. இங்க கெடைக்குமான்னு உங்க டாக்டரைக் கேளுங்க. அப்படிக் கெடைச்சா கையுறை போட்டுத்தான் தடவணும்.

சாளைக்காரன் (தாராபுரம்)

டிரிப்பு வீட்டுலயே ஏத்தலாம்ங்கறாங்களே, அது எந்தக் கட்டத்துலங்க?

பீளமேடு பெர்சியன் (கோவை)

உடம்பு வறண்டு போற கட்டத்துல. எல்லாப் பூனைக்கும் தேவையில்ல. நான் ஒரு வருசமா ஏத்தறேன். ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) டிரிப்பு பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் நிறுத்தி, கையில தொட்டுப் பாத்துட்டு, ஊஞ்சல் கொக்கியில மாட்டுவேன். ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடிச்சு, அடியில ஊசி. மொதல் தடவை எனக்குத்தான் கை நடுங்குச்சு, அவன் தூங்கிட்டான். முடிஞ்சதும் முதுகுல திமில் மாதிரி நிக்கும். ராத்திரிக்குள்ள சரிஞ்சு ஒரு முன்னங்காலுப் பக்கம் வந்து தொங்கும். பயந்துராதீங்க, காலையில வத்திரும். டாக்டர்கிட்ட ஒரு தடவை நேர்ல கத்துக்கிட்டுத்தான் செய்யணும்.

ஊசிக்காரர் (காங்கயம்)

இதுல தைராய்டுப் பூனைக்குத் தனி எச்சரிக்கை இருக்கு. ரொம்ப நாள் வேகமா அடிச்ச இதயம் தடிச்சுப் போயிருக்கலாம். அப்படிப்பட்ட பூனைக்கு டிரிப்பு ஏத்தினா நெஞ்சுல நீர் கோத்துரும். இதயத்தைப் பாக்காம யாரும் வீட்டுல பாட்டில் மாட்ட வேண்டாம். தூங்கறப்ப மூச்சை எண்ணுங்க. நிமிசத்துக்கு 30 தாண்டிட்டே இருந்தா டிரிப்பை நிறுத்திட்டு உடனே டாக்டர்.

சாளைக்காரன் (தாராபுரம்)

சரிங்க. சந்தை கழிச்சு எங்க பூனையைக் கூடையில போட்டுக் கொண்டு வர்றேன். பி.பி. பாக்குற மெசின் உங்ககிட்ட இருக்குதுங்களா?

ஊசிக்காரர் (காங்கயம்)

என்கிட்ட இல்லீங்க. ரத்தமும் மூத்திரமும் நான் எடுத்துடறேன். பி.பி.க்கும் ஸ்கேனுக்கும் நாமக்கல் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். உங்களுக்கு உடுமலை பண்ணைக்கிணறு கல்லூரி கிட்டன்னா, அங்க பூனைக்குப் பி.பி. எடுக்கறாங்களான்னு போன்ல கேட்டுட்டுப் போங்க. நாமக்கல்னா கோழி மட்டுந்தான்னு நினைக்கிறவங்க நிறையப் பேரு, பூனையும் பாப்பாங்க.

சாளைக்காரன் (தாராபுரம்)

மூத்திரத்தை நானே பிடிச்சுட்டு வரலாமுங்களா? தோப்புக்குள்ள போறதை எப்படிப் பிடிக்கறது?

பனியன் பூனை (திருப்பூர்)

ஒரு ராத்திரி ரூமுக்குள்ள அடைச்சு வைங்க. ட்ரேயில மண்ணு போடாம, மீன் தொட்டிக்குப் போடற கூழாங்கல்லைக் கழுவிக் காய வெச்சுப் போடுங்க. கல்லு உறிஞ்சாது, மூத்திரம் அடியில தேங்கும். ட்ரேயைச் சாய்ச்சு ஊசி போடாத சிரிஞ்சுல உறிஞ்சிச் சுத்தமான டப்பாவுல ஊத்திக்குங்க. காலையில கெடைச்சா மத்தியானத்துக்குள்ள கொடுத்துரணும், அதுவரைக்கும் ஃப்ரிட்ஜ். டப்பா மேல பேரு எழுதி ஒட்டிருங்க, எங்க வீட்டுல எலுமிச்சை ஜூசுன்னு நினைச்சு ஒருத்தர் எடுத்துட்டார்.